நாற்பது வரிசைக்கும் ஒருத்தி

கனடாவில், பிக்கரிங் நகரின் வடக்கே, புதிய வீடுகள் முடிந்து சோளக்காணிகள் தொடங்கும் தெருவில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. ‘கந்தப்பு குடும்பத் திராட்சைத் தோட்டம்’ என்று அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. கோடையில் வைன் வாங்க வருகிறவர்கள் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குடும்பம் எங்கே என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். ரொறன்ரோவுக்குப் போயிருக்கிறார்கள் என்று தோட்டத்தை நடத்தும் பாலேஸ்வரி சொல்வார். நான்கு வருடமாக அதே பதில்தான்.

கொட்டிலின் உட்சுவரில் பன்னிரண்டு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சோடி கையுறை தொங்குகிறது. மணிக்கட்டில் கறுப்பு மையால் பெயர். நவம்பர் கடைசிச் சனியும் ஞாயிறும் பக்கத்து ஊர்களான மார்க்கத்திலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் பாலேஸ்வரியின் மாமனார் கந்தப்புவின் பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் வந்து அவற்றை மாட்டிக்கொள்வார்கள். இந்தக் குளிரில் திராட்சைக் கொடி வெளியே நின்றால் செத்துப்போகும். ஆகவே நிலம் உறையுமுன் ஒவ்வொரு கொடியையும் வளைத்து, அடிக் கம்பியோடு கட்டி, உழவு இயந்திரத்தால் இருபுறமும் மண் அணைத்து மூடவேண்டும். ஏப்ரலில் திரும்பக் கிளறி எடுக்கவேண்டும். நாற்பது வரிசை, வரிசைக்கு ஐம்பது கொடி. பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை. முன்பு உழவு இயந்திரத்தை ஓட்டியவர் கிருபன். அவர் குடும்பத்தவர் அல்ல, நாட்கூலிக்கு வந்தவர். தன் கையுறையைத் தானே கொண்டுவருவார். அவருக்கு ஆணி இருக்கவில்லை.

இந்த வருடம் அந்தக் கிழமை பிறந்தபோது வானொலி, ஞாயிறு இரவு மைனஸ் பதினாலு என்றது. அதற்குப் பிறகு நிலத்தில் கலப்பை இறங்காது. திங்கட்கிழமை காலை பாலேஸ்வரி கட்டத் தொடங்கினார். ஒரு வரிசைக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. ஏழு நாளில் இருபது வரிசை என்று மனம் போட்ட கணக்கு, அவருக்கு வயது ஐம்பத்தொன்பது என்பதைச் சேர்க்காமல் போட்டது.

இந்தப் பெண் திராட்சைக்குப் பிறந்தவர் அல்ல. அகதியாக வந்து, பார்க்டேலில் ஒரு அறைக்குள் ஆறு பேரோடு இருந்து, பிறகு ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மா குழைத்தவர். புளித்துப் பொங்கும் மாவை மணந்தே இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்வார். மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்ப்பார், இவர் மூக்கை நம்புவார். மூக்குத்தான் அதிகம் சரியாக இருந்தது. சம்பள உயர்வு மேற்பார்வையாளருக்குக் கிடைத்தது.

தோட்டம் கணவர் சண்முகலிங்கத்தின் ஆசை. யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய காணியில் முந்திரிகைப் பந்தல் இருந்தது. திராட்சையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த அறிவை அப்படியே இங்கே கொண்டுவந்தார். அங்கே பழம் பறித்தவுடன் கொடியை வெட்டிவிடுவது வழக்கம், அடுத்த பூ சீக்கிரம் வரும். முதல் வருடம் ஒக்டோபரில் பழம் பறித்த கையோடு சண்முகலிங்கம் வெட்டினார். வெட்டுவாயால் பனி இறங்கி முந்நூறு கொடி செத்தது. உறங்காத கொடியை மட்டும் தெரிந்த ஒருவர், உறங்கப்போகும் கொடியை எழுப்பி அடித்த கதை அது. அவர் அழவில்லை. நூலகத்திலிருந்து ஏழு புத்தகம் எடுத்துவந்தார். தவறு செய்தவர் புத்தகத்தைத் தேடிப் போனால் அந்தத் தவறுக்கு ஒரு பெறுமதி உண்டு.

நான்கு வருடத்துக்கு முந்திய ஒக்டோபரில், வெள்ளைத் திராட்சையை நசித்து இரண்டு தொட்டிகளில் நிரப்பிவிட்டு, பிழியும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது சண்முகலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வெள்ளை வைனுக்குத் தோலையும் சாற்றையும் அன்றைக்கே பிரிக்கவேண்டும். அம்புலன்ஸ்காரர் வந்து பாலேஸ்வரியைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சும்மா நிற்கத் தெரியாத அவரது கை பக்கத்துத் தொட்டியின் மூடியை இழுத்து இறுக்கியது. மற்றத் தொட்டி திறந்தே கிடந்தது.

பிறகு முப்பத்தொரு நாள் உறவினர்கள் பாலேஸ்வரியை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியட்டும் என்றார்கள். புருஷன் செத்த பெண் ஒக்டோபர் வெயிலில் கார் ஓட்டினால் எந்தக் கிரகம் எந்தப் பாதையை விட்டு விலகும் என்று யாரும் விளக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. முப்பத்திரண்டாம் நாள் காலை அவர் தோட்டத்துக்குப் போனார். திறந்த தொட்டி வினாகிரியாகியிருந்தது. இறுக்கிய தொட்டிக்குள் தோலோடு கிடந்த வெள்ளைச் சாறு, தானாகப் புளித்து, தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. கடைப் பொட்டலத்து ஈஸ்ட் ஒரு கரண்டியும் போடாதது. மணந்தார். காய்ந்த தோடம்பழத் தோலும் பாணின் கருகிய விளிம்பும். வாயில் விட்டுத் துப்பினார். அவர் குடிப்பதில்லை, இன்றுவரை துப்பித்தான் பார்க்கிறார். துவர்ப்பு நாக்கில் நின்றது.

சண்முகலிங்கத்தின் ஆவிதான் அந்தத் தொட்டியைக் காத்தது என்று உறவினர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் மற்றத் தொட்டியில் அவருக்கு என்ன கோபம் என்று பாலேஸ்வரி கேட்டார். மூடிதான் காத்தது. காற்று உள்ளே போகவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அதை வேண்டுமென்றே செய்து பார்த்தார். ஆறு கண்ணாடிச் சாடிகளில் ஐந்து நாள், பன்னிரண்டு, இருபது, இருபத்தாறு, முப்பத்தொன்று, நாற்பத்தைந்து. முப்பத்தொன்றே சிறந்தது என்று வந்திருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். போத்திலில் ஒட்ட நல்ல துக்கக் கதை. ஆனால் இருபத்தாறுதான் சிறந்தது. முப்பத்தொன்றில் கசப்பு ஏறிவிடுகிறது. மூன்று வருடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இருபத்தாறே வந்தது. இருபத்தாறாம் நாள் பிழிகிறார். துக்கம் சொன்ன எண்ணை விட்டுவிட்டு நாக்கு சொன்ன எண்ணை எடுக்க ஒரு துணிவு வேண்டும். அதற்கு யாரும் அவரைப் பாராட்டவில்லை.

அந்த வைனைத்தான் இந்த நவம்பரில் ஒரு கலியாணப் பேச்சு வந்து இடித்தது.

மண் அணைப்பதற்கு முந்திய ஞாயிறு, கணவரின் தமையன் பரராஜசிங்கம் மார்க்கத்திலிருந்து வந்தார். துவாரகாவின் தகப்பன், வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர், கதவைத் திறந்தவுடனேயே கதைக்கத் தெரிந்தவர். அன்று கையில் ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு வாசலில் நின்று சேற்றைப் பார்த்தார்.

“அத்தான், உள்ளுக்கு வாங்கோ.”

“சப்பாத்து ஊத்தையாப்போம். இதிலை நிண்டே கதைக்கிறன். பாலேஸ், துவாரகாவுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு. பெடியன் டொக்டர்.”

“நல்ல விசயம். பிள்ளைக்கு விருப்பமோ?”

“விருப்பம் இல்லாமலோ? அவளே தேடின பெடியன்தான். பெடியன்ரை தாய் தேப்பன் இப்பதான் எங்களைப் பற்றித் தேடிப் பாக்கினம்.” பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். “இன்ரநெற்றிலை அடிச்சால் முதல் வாறது உன்ரை போத்தில். கந்தப்பு எண்டு பெரிய எழுத்திலை.”

“வடிவாத்தானே கிடக்கு.”

“பகிடி விடாதை. ஒரு பொம்பிளை என்ரை மனிசியின்ரை காதிலை போட்டிருக்கு. கந்தப்பு குடும்பம் ஊரிலையும் உந்தத் தொழில்தானோ எண்டு.”

“மாமா தபால் கந்தோரிலை எல்லோ இருந்தவர். சொல்லியிருக்கலாமே.”

“சொன்னது. போத்திலிலை பேர் கிடக்கேக்கை ஆர் நம்புவினம்?”

“போன சித்திரைக்கு ஆறு போத்தில் கொண்டுபோனீங்கள் அத்தான். எல்லாரும் குடிச்சவை.”

“குடிக்கிறது வேறை பாலேஸ். வடிக்கிறது வேறை.”

சொல்லிவிட்டு அவரே ஒருகணம் வாசற்படியைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். “எங்களையும் அவையளோடை சேர்த்துப்போடுவினம்.”

“எவையளோடை?”

“தெரியாத மாதிரிக் கேக்காதை. கிருபன்ரை ஆக்களோடை.”

பனையில் ஏறிக் கள் சீவிய மனிதரின் பேரன் கிருபன். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து, மூன்று விசாவும் ஒரு கடவுச்சீட்டும் மாற்றி, பனங்கன்று ஒன்று முளைக்காத நாட்டில் வாழும் மனிதனுக்கு இன்னும் அந்தப் பனை நிழல் விழுகிறது. கலியாண மண்டபத்தில் பார் திறந்திருக்கும். டொக்டரின் தகப்பனும் துவாரகாவின் தகப்பனும் ஸ்கொச் கிளாசை முட்டிக்கொள்வார்கள். குடிப்பவர் கையில் சாதி ஒட்டாது, வடித்தவர் கையில் மட்டும் ஒட்டும். இதை எந்தச் சோதனைச் சாடியில் எத்தனை நாள் ஊறவைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை.

“பேரை மட்டும் எடு. உன்ரை பேரைப் போடு, தெருவின்ரை பேரைப் போடு, பூவின்ரை பேரைப் போடு,” என்றார் பரராஜசிங்கம். “சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் வருவம். ரெண்டு நாளிலை மூடிப்போட்டுப் போவம், வழமை மாதிரி.”

பாலேஸ்வரி யோசித்துத்தான் சொன்னார். “அது மாமாவின்ரை பேர். என்னிலும் பார்க்க உங்களுக்குத்தான் உரித்துக் கூட. வைன் கூடாது எண்டு சொல்லுங்கோ, எடுக்கிறன். எழுத்து வடிவில்லை எண்டு சொல்லுங்கோ, எடுக்கிறன். உந்தக் காரணத்துக்கு எடுக்கமாட்டன்.”

“ரெண்டாயிரம் கொடி பாலேஸ்.”

“தெரியும் அத்தான்.”

“அப்ப எங்களைப் பாத்துக்கொண்டிராதை.” ரோல்ஸ் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டே போனார். கெட்ட மனிதர் அல்ல. அநியாயம் பெரும்பாலும் ரோல்ஸ் பெட்டியோடுதான் வருகிறது.

திங்கள் மூன்று வரிசை. செவ்வாய் மூன்று. முழங்காலில் நின்று கொடியை வளைத்தால் சிலது இணங்கும், சிலது முறியும் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தவுடன் விட்டுக்கொடுத்து, மெல்லத் திரும்ப வளைக்கவேண்டும். முந்திய வருடங்களில் இந்தக் காணியில் எந்த நேரமும் யாராவது யாரையாவது நக்கலடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது தெருவில் லொறி போகும் சத்தம் மட்டும் இருந்தது. செவ்வாய் பின்னேரம் மகன் வினோதன் கல்கரியிலிருந்து போன் எடுத்தபோது, ஹலோ என்ற பாலேஸ்வரியின் குரல் கரகரத்தது. அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“அம்மா, பெரியப்பா கோல் பண்ணினவர். இற்ஸ் ஜஸ்ற் எ ஸ்ரிக்கர்.”

“வெறும் ஸ்ரிக்கர் எண்டால் அவர் ஏன் கேக்கிறார்?”

“ஐ டோன்ட் நோ. துவாரகா பாவமெல்லோ.”

“துவாரகா என்னோடை கதைக்கேல்லை. அவளுக்குத் தெரியுமோ தெரியாது.”

“நான் வாறதெண்டால் ரிக்கெற் இப்ப...” என்று தொடங்கி, அவன் அதை முடிக்கவில்லை. “காணியை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோவன் அம்மா. ஏன் தனிய?”

“சாப்பிட்டியோ?” என்று அவர் கேட்டார்.

புதன் மத்தியானம் மழை. மண் காலில் ஒட்டிக்கொண்டு எழும்ப விடவில்லை. கொட்டிலுக்குள் வந்து, நேரத்தை வீணாக்காமல் இந்த வருடத்துச் சாடிகளைச் சோதிக்கலாம் என்று நினைத்தார். ஆள் இல்லாமல் குருட்டுச் சோதனை செய்ய அவரிடம் ஒரு முறை உண்டு. பேப்பர் கப்களின் அடியில் சாடியின் எண்ணை எழுதி, ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றுவார். கண்ணாடிக் கிளாசில் அடி எண் தெரிந்துவிடும், பேப்பர் கப்பில் தெரியாது. திறந்திருந்த கட்டு முடிந்துபோயிருந்தது. அலுமாரியின் மேல்தட்டில் கையை விட்டார். இன்னும் ஒரு முழுக்கட்டு, பிரிக்காதது.

அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கை நின்றது.

மேசையின் கீழ்த்தட்டில் பீங்கான் மக்குகள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டு. மண் அணைக்கும் நாளில் குடும்பம் ரீ குடித்தது அவற்றில். அப்படியென்றால் இந்தப் பேப்பர் கப்கள் யாருக்கு வாங்கியவை?

உழவு இயந்திரத்தின் மேல் இருப்பவனுக்கு மக் வசதியில்லை, என்று மூத்த மச்சாள் ஒரு வருடம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கிருபன் இறங்கி வந்து, இவர்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் குடித்தார். ஒருதடவைகூட இயந்திரத்தில் இருந்து குடித்ததில்லை. பத்து வருடம். ஊற்றிக் கொடுத்தது பாலேஸ்வரி. சண்முகலிங்கம் செத்த அடுத்த வருடம் கிருபன் வரவில்லை. நயாகராப் பக்கம் வேறு தோட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். கொழுப்புக் கூடிப்போச்சு என்று யாரோ சொன்னதற்கு இவரும் ஏதோ சொல்லிச் சிரித்த ஞாபகம்.

ஆறு சாடியின் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற நாக்கு. கண் திறந்திருந்த பத்து வருடத்தில் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று நியாயம் கதைத்ததும் இதே வாய்தான்.

சோதனையைச் செய்யாமல் போனை எடுத்தார்.

“கிருபன், நான் பாலேஸ்வரி.”

பின்னால் ஒரு இயந்திரம் உறுமுவது கேட்டது. பிறகு அது நின்றது. “ஆ, அக்கா. மண் அணைச்சு முடிஞ்சுதோ?”

“இல்லை. அதுக்கு எடுக்கேல்லை.” அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேரே சொன்னார். “அந்தப் பேப்பர் கப். உனக்கு... உங்களுக்கு மட்டும் அதிலை தந்தது.”

அவர் இயந்திரத்தை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது.

“ரீ நல்ல ரீ அக்கா,” என்றார் கிருபன். “கப்தான் சூடு தாங்காது.”

“நான்தான் ஊத்தித் தந்தனான்.”

“ஓம். நீங்கள்தான்.”

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று பாலேஸ்வரி எதிர்பார்க்கவும் இல்லை, அல்லது எதிர்பார்த்ததை வெளியே காட்டவில்லை.

“எத்தினை பேர் நிக்கினம் அங்கை?” என்று கிருபன் கேட்டார்.

“நான்தான்.”

“மற்றவை?”

“வரேல்லை.”

“எத்தினை வரிசை கட்டினீங்கள்?”

“எட்டு.”

“ஞாயிறு இரவு இறுகும் எண்டுறாங்கள். உங்களாலை ஏலாது அக்கா. சனிக்கிழமை வரைக்கும் கட்டுங்கோ. மிச்சத்தைக் கட்டாமல் விட்டு, கலப்பையை ஆழமா விட்டு, அடியிலை ஒட்டு இருக்கிற இடத்தை மட்டும் மூடுங்கோ. மேலை கொடி சாகும். அடி தப்பும்.”

“அடுத்த வருசம் பழம் இராது.”

“இராது. அதுக்கடுத்த வருசம் இருக்கும்.”

“கிருபன்,” என்றார் பாலேஸ்வரி. “எப்பவாவது இந்தப் பக்கம் வந்தால் வாங்கோ.”

“இஞ்சையும் மண் அணைக்கிறம் அக்கா. வேலை கிடக்கு.” பிறகு, “வலப்பக்கத்துக் கலப்பையின்ரை ஆணி கழரும். பாத்துக்கொள்ளுங்கோ,” என்று வைத்துவிட்டார்.

மழை விட்டதும் அவர் திரும்பப் போய் முழங்காலில் நின்றார். எந்த வரிசைகளைக் கட்டுவது, எவற்றைப் பழமில்லாமல் விடுவது என்பதை அன்று தீர்மானித்தார். கடைக்கு நன்றாகப் போவது சிவப்பு வைன். வைன் வாங்க வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அதை விட்டார். இருபத்தாறு நாள் வைனுக்கான வெள்ளை வரிசைகளைக் கட்டினார். சோதனை நாலாம் வருடத்தில் நிற்கக்கூடாது என்பது ஒரு காரணம். அதில்தான் அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது மற்றது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வழமையாகக் கார்கள் வரும் நேரத்தில், தெருப்பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். ஒரு கார் வேகம் குறைத்தது. பலகையை வாசித்துவிட்டுப் போனது. அன்று பின்னேரம் பத்தொன்பதாவது வரிசையைக் கட்டி முடித்தார். லேபிள் அச்சடிப்பவரிடமிருந்து போனில் ஒரு செய்தி இருந்தது. பெயரில் மாற்றம் இருக்கலாம் என்று குடும்பத்தில் ஒருவர் அழைத்துச் சொன்னாராம், உறுதிசெய்ய முடியுமா? கையுறையைக் கழற்றி, மாற்றம் இல்லை என்று எழுதி அனுப்பினார்.

ஞாயிறு விடிந்தபோதே நிலம் மேலே ஓடு கட்டத் தொடங்கியிருந்தது. உழவு இயந்திரத்தை அவரே ஓட்டினார். வலப்பக்கத்து ஆணி கழன்றது. கம்பியால் கட்டிக்கொண்டு ஓட்டினார். கட்டிய வரிசைகள் மண்ணுக்குள் போய் நீண்ட மேடுகளாயின. கட்டாத வரிசைகளில் மண் அடியை மட்டும் மூட, கொடிகள் மேலே கம்பியைப் பிடித்தபடி நின்றன. நாற்பதாவது வரிசையின் நடுவில் கலப்பை துள்ளியது. இன்னொருதடவை விட்டார், மண்ணைக் கீறிக்கொண்டு வழுக்கியது. இறங்கி, மண்வெட்டியால் வெட்டி வெட்டி, கொடி கொடியாக மூடினார். உள்ளங்கை கிழிந்தது. வெளிச்சம் போகும்போது பதினைந்து கொடி மிச்சம். மண்வெட்டி கல்லில் பட்டதுபோலத் திரும்பி வந்தது.

கொட்டிலுக்குள் போய்க் கையைக் கழுவினார். கேத்திலை வைத்தார். பிரித்த பேப்பர் கப் கட்டு மேசையிலேயே கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து ரீயை ஊற்றினார். விரல் சுட்டது. கீழே வைக்கவில்லை, குடித்து முடித்தார்.

அந்தப் பதினைந்து கொடியையும் அவர் வெட்டிப்போடவில்லை. தோட்டத்தின் வரைபடத்தில் அவற்றைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். ஏப்ரலில் நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை என்றால் உயிர், மண்ணிறம் என்றால் விறகு. அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.